கேப்டன் மேகலாவுக்குப் போட்ட இலை

அந்த ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை, எங்கள் ஊர்க் கடற்கரை ரோட்டுக் கல்யாண மண்டபத்தில் முந்நூறு பேர் அந்தரத்தில் மிதந்ததை இன்றைக்கும் தூத்துக்குடியில் யாரும் ஒரு அதிசயமாகச் சொல்வதில்லை. அன்றைக்குச் சொதியில் தேங்காய்ப்பால் கொஞ்சம் தூக்கல் என்பார்கள், சிறுகிழங்குப் பொரியல் கடைசிப் பந்திக்குக் காணவில்லை என்பார்கள், அப்புறம் வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு, "ஆமா, நடுவுல கொஞ்ச நேரம் மேலயும் போயிட்டு வந்தோம்" என்பார்கள். எனக்கு அப்படிச் சொல்ல வராது. என் பெயர் ஜெசிந்தா. கன்டெய்னர் யார்டில் கிரேன் ஓட்டுகிறவள். மேலே போவதும் கீழே வருவதும்தான் என் பிழைப்பு, அதனால் முதலிலிருந்து ஒழுங்காகச் சொல்கிறேன், நடுவில் யாரும் குறுக்கே விழாதீர்கள்.

நாங்கள் பள்ளிக்கூடம் போன காலத்தில் வியாழக்கிழமை சாயங்காலம் டிவியில் 'வெண்கொக்கு' என்று ஒரு தொடர் வந்தது. வெண்கொக்கு ஒரு விண்கப்பல். அதற்குக் கேப்டன் மேகலா. கையில் காசில்லாமல் எடுத்த தொடர் என்பது இப்போது தெரிகிறது. கப்பலின் சுவர் முட்டை வைக்கிற அட்டை, தலைக்கவசம் வெட்டின பிளாஸ்டிக் குடம், எதிரிக் கிரகத்து ராணியின் மூன்றாவது கண் ஒரு பெரிய சாந்துப்பொட்டு, அந்தரத்தில் மிதப்பதைக் காட்டக் கம்பி கிடையாது கயிறு கிடையாது, எல்லோரும் குதிகாலைத் தூக்கிக்கொண்டு கையை விரித்து மெள்ள மெள்ள நடப்பார்கள், அவ்வளவுதான், அதுதான் மிதப்பது. நாங்கள் நம்பினோம். வெள்ளிக்கிழமை காலையில் ஊரில் பாதிப் பிள்ளைகள் குதிகாலைத் தூக்கிக்கொண்டுதான் பள்ளிக்கூடம் போயின, பிரேயருக்கு லேட்டாகி மொத்தமாக அடி வாங்கின. எனக்கு அந்தக் கப்பலை விடவும் கேப்டன்தான் பெரிசு. அவள் சத்தம் போடாமல் ஒரு சொல் சொல்வாள், ஆறு ஆம்பளைகள் "சரி கேப்டன்" என்பார்கள். எங்கள் வீட்டில் அதுவரை எந்த ஆம்பளையும் எந்தப் பொம்பளைக்கும் சரி சொல்லி நான் கேட்டதில்லை.

கடைசியாக வந்த வியாழக்கிழமையில் கப்பலின் வயிற்றில் ஓட்டை விழுந்தது. யார் வெளியே போய் அடைப்பது என்று ஆம்பளைகள் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்தார்கள். கேப்டன் மேகலா இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு, ஒரு கையில் தகடும் மறு கையில் சுத்தியலுமாக வெளியே இறங்கினாள். விண்வெளியில் ஆணி அடிக்க முடியுமா என்று கேட்கிறவர்கள் இப்போதே எழுந்து வீட்டுக்குப் போகலாம். கடைசி ஆணியையும் அடித்துவிட்டு, எங்களைத் திரும்பிப் பார்த்து, எல்லாப் பல்லும் தெரியச் சிரித்து, "இந்தா, வந்துட்டேன்" என்றாள். 'தொடரும்' என்று போட்டார்கள். அடுத்த வியாழக்கிழமை அந்த நேரத்தில் ஒரு அம்மா வாழைப்பூ வடை சுடச் சொல்லிக்கொடுத்தார். அதற்கு அடுத்த வாரம் இடியாப்பம். கேப்டன் மேகலா வெளியே போனவள் போனவள்தான், ஓட்டை அடைந்ததோ இல்லையோ, கயிறு அறுந்ததோ இருக்கிறதோ, கேட்க ஆளில்லை.

மற்ற ஊர்க்காரர்கள் மறந்துவிட்டார்கள். எங்கள் ஊர் கப்பல் போன ஊர். போன கப்பல் வரும்வரை வாசலைப் பார்த்துக்கொண்டு இருக்கிறவர்கள் நாங்கள். மக்ரூன் கடை சொர்ணராஜ் அண்ணாச்சி தலைமையில் 'வெண்கொக்கு ரசிகர் மன்றம்' என்று ஒன்று எழுந்து, வருஷா வருஷம் ஆடியில் மாநாடு நடந்தது. ஆடியில் முகூர்த்தம் கிடையாது, மண்டபம் சும்மா கிடக்கும். உப்பளத்து மேஸ்திரி, பேங்க் கிளார்க், ஆஸ்பத்திரி நர்ஸ், ஐஸ் பேக்டரிக்காரர் என்று எல்லோரும் வெள்ளிப் பெயின்ட் அடித்துக்கொண்டு குடும்பத்தோடு வருவார்கள். மத்தியானம் பந்தி. பந்தியில் முதல் வரிசை முதல் இலை கேப்டன் மேகலாவுக்கு. தண்ணீர் தெளித்து, உப்பு வைத்து, இஞ்சிப் பச்சடியிலிருந்து பாயசம் வரை எல்லாம் அதில் பரிமாறுவோம், ஆனால் அங்கே யாரும் உட்கார மாட்டோம். சாப்பிட்டு எழும்போது அவரவர் இலையை மூடுவோம், அந்த இலையை மட்டும் மூட மாட்டோம். மூடினால் சாப்பாடு ஆயிற்று என்று அர்த்தம், வராதவளுக்கு எப்படிச் சாப்பாடு ஆகும்? விரித்த இலையை விரித்தபடியே ஏந்திக்கொண்டுபோய் எதிரே கடலில் விட்டுவிட்டு வருவோம். ஒரு வருஷம் எதிரே வந்த ஒருவர் "யாருக்குத் திதி?" என்று கேட்டுவிட்டார். "திதியா? வாயைக் கழுவுல!" என்று சொர்ணராஜ் அண்ணாச்சி இலையைக் கையில் வைத்துக்கொண்டே அவரைத் துரத்தினார். இலையிலிருந்து ஒரு பருக்கை சிந்தவில்லை.

இனி என் பாடு. யார்டு கிரேன் என்றால் நாலு மாடி உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டு. தரையும் கண்ணாடிதான். இரண்டு முழங்காலுக்கும் நடுவே குனிந்து கீழே பார்த்தபடியே பெட்டியைத் தூக்கி லாரியில் வைக்க வேண்டும். எங்கள் யார்டில் அந்த ஏணியில் ஏறிய முதல் பொம்பளை நான், ஏறும்போது மனசுக்குள் கேப்டன் மேகலாவின் இடுப்புக் கயிற்றைக் கட்டிக்கொண்டுதான் ஏறினேன், இத்தனை வருஷமும் அப்படித்தான். அந்த வருஷம் ஆனி மாதம் மேற்கேயிருந்து வருகிற கச்சான் காற்று ஒன்று திடீரென்று திரும்பி அடித்தது. நான் தூக்கியிருந்த பெட்டி ஊஞ்சல் ஆடியது, பெட்டியோடு கூண்டும் ஆடியது. யாருக்கும் ஒரு கீறல் இல்லை, பெட்டியைப் பூப்போல இறக்கி வைத்துவிட்டுத்தான் இறங்கினேன். மறுநாள் காலையில் ஏணியில் கால் வைத்தால் கால் எழும்பவில்லை. கை வேர்த்துக் கொட்டுகிறது. காய்ச்சல் என்றேன், இடுப்பு பிடித்துக்கொண்டது என்றேன், இருந்த லீவெல்லாம் தீர்ந்தது. சூப்பர்வைசர் கோயில்பிள்ளை நல்ல மனுஷன். "தாயி, திங்கக்கெழம வந்து ஏறு. ஏற முடியலன்னா கேட்டுல உக்காந்து லாரிக்கு பாஸ் குடு, அதுவும் வேலதான்" என்றார். அதுவும் வேலைதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நான் கேட்டில் உட்காரப் பிறந்தவள் இல்லை என்பது எனக்கும் தெரியும், அந்த ஏணிக்கும் தெரியும்.

அந்தத் திங்கட்கிழமைக்கு முந்தின ஞாயிறுதான் மாநாடு. அந்த மாநாட்டுக்குத்தான், வருஷா வருஷம் கூப்பிட்டும் வராத நித்யகலா மேடம், கேப்டன் மேகலாவாக நடித்தவர், வருகிறேன் என்று சொல்லியிருந்தார். அவரிடம் கேட்க எனக்கு ஒரே ஒரு கேள்வி இருந்தது. கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்கினீர்களே, உங்களுக்குப் பயமே இல்லையா? அவர் இல்லை என்று சொல்லி, அது எப்படி என்றும் சொல்லிவிட்டால், நான் திங்கட்கிழமை ஏறிவிடுவேன். சொல்லாவிட்டால் கேட்டில் உட்கார வேண்டியதுதான்.

முத்துநகர் எக்ஸ்பிரஸில் வந்து இறங்கினார். ஐம்பது தாண்டின, கொஞ்சம் பூசினாற்போன்ற, கருப்பு நிறக் கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்ட ஒரு அம்மா. இப்போதெல்லாம் ஏதோ தொடரில் மருமகளின் காப்பியில் உப்புப் போடுகிற மாமியாராக வருகிறாராம். மண்டப வாசலில் அவருடைய இளவயசு முகத்தைத் தென்னை மரம் உயரத்துக்குக் கட்அவுட் வைத்திருந்தோம். அதை அண்ணாந்து பார்த்து, "ஐயோ, இதுக்கு நான் எங்கப்பா போவேன்" என்று சிரித்தார். என் சிநேகிதி பாக்கியம், கணக்கு டீச்சர், மூன்று கண் ராணி வேஷத்தில் ஆரத்தித் தட்டோடு நின்றாள்; மூன்றாவது கண்ணாக ஒட்டின ஸ்டிக்கர் பொட்டு வேர்வையில் நழுவி மூக்குக்கு வந்துவிட்டது. மேடம் அதை எடுத்து நெற்றியில் சரியாக ஒட்டிவிட்டார். பாக்கியம் அன்றிலிருந்து அந்தக் கண்ணைப் பீரோவில் வைத்திருக்கிறாள். சொர்ணராஜ் அண்ணாச்சி மைக்கைப் பிடித்து "கேப்டன்" என்றார், அதற்கு மேல் வாய் வரவில்லை, அழுதுவிட்டு உட்கார்ந்தார். அதுதான் வரவேற்புரை. அதைவிட நல்ல வரவேற்புரை நான் கேட்டதில்லை.

மேடம் மைக்கைப் பிடித்து, "நான் என்ன பேசறது? அது சும்மா அட்டையும் பசையும்பா. நீங்க இன்னும் ஞாபகம் வச்சிருக்கீங்கன்னு நம்பவே முடியல. ஆமா, அந்த நடை... இன்னும் யாருக்காவது வருமா?" என்று கேட்டார்.

வருமாவா! முந்நூறு பேரும் எழுந்தோம். முந்நூறு பேரும் கையை விரித்தோம், குதிகாலைத் தூக்கினோம். மேடையில் மேடமும் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, கையை விரித்து, குதிகாலைத் தூக்கினார். தூக்கின குதிகால் இறங்கவில்லை. குதிகாலுக்குப் பின்னால் விரல்களும் தரையை விட்டன. மேடமும் எழும்பினார், அண்ணாச்சியும் எழும்பினார், மூன்று கண் ராணியும் எழும்பினாள், உப்பளத்து மேஸ்திரி, அவர் சம்சாரம், சம்சாரத்தின் இடுப்பிலிருந்த பிள்ளை, பிள்ளையின் கையிலிருந்த மக்ரூன் எல்லாம் எழும்பின. ஆட்களும் ஆட்கள் கையில் பிடித்திருந்த சில்லறைச் சாமானும்தான் மிதந்தன. நாற்காலி, மேஜை, அண்டா, விரித்திருந்த இலை எல்லாம் போட்ட இடத்தில் கிடந்தன.

பிறகு ஒரு பெரியவர், "ஆடிக் காத்துல அம்மியே பறக்கும்ங்கான், ஆளு பறந்தா என்ன?" என்றார். அவ்வளவுதான், அதற்கப்புறம் யாருக்கும் அதில் ஒரு சந்தேகமும் இல்லை. மண்டப மேனேஜர் பிச்சைக்கண்ணு நீந்திக்கொண்டே போய் முதல் காரியமாக பேன் சுவிட்சை எல்லாம் அணைத்தார், பிறகு மைக்கில், "மண்டப ரூல்ஸ்ல ஆணி அடிக்கக் கூடாது, வெடி போடக் கூடாதுன்னுதான் இருக்கு, மெதக்கக் கூடாதுன்னு இல்ல. ஆனா மேல் சொவத்துல யாரும் கால வைக்காதீய, போன வாரம்தான் வெள்ளையடிச்சோம்" என்று அறிவித்தார். பெண்கள் ஒருவருக்கொருவர் ஊக்கு கடன் கொடுத்துச் சேலைக் கொசுவத்தைக் கீழே காலோடு சேர்த்துக் குத்திக்கொண்டார்கள். முழங்கால் வலிக்காரர்கள் எல்லாம் ஒரு பக்கமாக ஒதுங்கி, "அப்பாடா, எவ்வளவு வருஷமாச்சு" என்று காலை ஆட்டிக்கொண்டு ஊர்க்கதை பேச ஆரம்பித்தார்கள். சமையல் மாசானம் அண்ணன் கரண்டியில் சொதியை எடுத்தால் அது ஊற்ற மாட்டேன் என்று உருண்டையாகக் கரண்டிக்கு மேலேயே நின்றது. அவர் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "பரவால்ல, பதம் நல்லா வந்திருக்கு" என்றார். ரோட்டில் வண்டி நிறுத்தின தகராறுக்காக உள்ளே வந்த போலீஸ்காரர் வாசல்படி தாண்டினதும் தானும் எழும்பி, தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, "நீங்க தரைக்குத்தானய்யா பர்மிஷன் வாங்குனீய?" என்று கேட்டார். கேட்டுவிட்டு, யாரும் பதில் சொல்லுமுன்னே ஒரு குட்டிக்கரணம் அடித்தார். அந்தச் சிரிப்பு, அந்தக் கூத்து, கால் தரையில் பாவாத சந்தோஷம் என்று சொல்வோமே, அதை மண்டபம் நிறையப் பார்த்தேன்.

பார்த்தேன் என்றுதான் சொல்கிறேன். ஏனென்றால் நான் மிதக்கவில்லை. கால் எழும்பின கணத்திலேயே பக்கத்துத் தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். கண்ணை மூடினால் பெட்டி ஆடுகிறது. பாக்கியம் தலைகீழாக மிதந்து வந்து, "ஏட்டி, வாட்டி! தூணு என்ன ஒன் மாப்பிள்ளையா?" என்றாள். "நீ போ, நான் பொறவு வாரேன்" என்றேன். முந்நூறு பேர் சிரிக்கிற இடத்தில் ஒருத்தி மட்டும் அழுகையை அடக்கிக்கொண்டு நிற்பது எவ்வளவு கேவலமாக இருக்கும் என்பது நின்றவளுக்குத்தான் தெரியும்.

அப்போதுதான் யாரோ "மேடம் எங்க?" என்றார்கள்.

மற்ற எல்லோரும் இடுப்பளவு, ஆளளவு என்று ஓரளவு எழும்பி நின்றுவிட்டார்கள். மேடம் நிற்கவில்லை. மெள்ள மெள்ள மேலே போய்க்கொண்டே இருந்து, கூரையை ஒட்டின பேன் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தொங்காமல் தொங்கினார். கூரைக்குக் கீழே புறா வந்து போகிற பெரிய ஜன்னல்கள், மேற்கே இரண்டு, கிழக்கே இரண்டு, கம்பியில்லாதவை. மேற்கிலிருந்து கச்சான் காற்று உள்ளே வந்து கிழக்கே கடல் பக்கமாக வெளியேறியது. மேடத்தின் முந்தானை ஏற்கெனவே ஜன்னலுக்கு வெளியே போய் அடித்துக்கொண்டிருந்தது. கை விட்டால் முந்தானை போன வழியே அவரும் போக வேண்டியதுதான், அதற்கப்புறம் வானம்தான்.

"யாராவது வாங்கப்பா!" என்று அவர் கத்தினார். கேப்டன் மேகலா கத்தி நாங்கள் கேட்டதே இல்லை.

அதன் பிறகு ஆளாளுக்கு யோசனை. நாலைந்து பேர் துள்ளித் துள்ளிப் பார்த்தார்கள், அவர்களுடைய அளவுக்கு மேல் ஒரு சாண்கூட எழும்பவில்லை. அண்ணாச்சி, "பசியில மயங்கிருவாங்க, மொதல்ல சாப்பாட்ட வைங்கல, வாசத்துக்கு எறங்கி வருவாங்க" என்று மேடைப் பக்கம் மேடத்துக்காகவே போட்டிருந்த தனி மேஜையைக் காட்டினார். வெள்ளை விரிப்பு, பீங்கான் தட்டு, ஸ்பூன், முள்கரண்டி, மடித்து வைத்த காகிதம், பாட்டில் தண்ணீர். பெரிய இடத்து விருந்தாளி என்றால் எங்களுக்கு அதுதான் மரியாதை. மாசானம் அண்ணன் அந்தத் தட்டில் எல்லாவற்றையும் கரண்டியால் அழுத்தி அழுத்திப் பரிமாறினார். மேடம் ஒரு விரல்கூட இறங்கவில்லை. வழக்கம்போல முதல் வரிசை முதல் இலையிலும் எல்லாம் முன்னமே பரிமாறித்தான் இருந்தது, ஆள் இல்லாமல். எங்களுக்கு அது கண்ணில் படவே இல்லை. இத்தனை வருஷப் பழக்கம். அந்த இலையில் யாரும் உட்கார மாட்டார்கள் என்பது எங்கள் ரத்தத்திலேயே ஊறிவிட்டது.

"ஜெசிந்தா!" என்றார் அண்ணாச்சி. "நம்ம ஜெசிந்தா இருக்கால்லா! ஒயரத்துலயே கெடக்குற புள்ள. ஏ மக்கா, போயி கூட்டிட்டு வா!"

முந்நூறு தலை என் பக்கம் திரும்பியது. பாக்கியம் மட்டும் என் கையைப் பார்த்தாள், தூணைப் பிடித்திருந்த கை நடுங்கினதைப் பார்த்தாள். நான் என்ன செய்ய? மேலே கேப்டன் மேகலா. அவள் கயிற்றில்தான் நான் இத்தனை வருஷம் ஏறினேன். மாதாவே என்று ஒரு சொல் சொல்லிவிட்டுத் தூணை விட்டேன்.

விட்டதும் நான் போனேன் பாருங்கள், எல்லோரையும் தாண்டி, இடுப்பளவு தாண்டி, ஆளளவு தாண்டி, கட்அவுட்டில் தொங்கவிட மிச்சமிருந்த தோரணக் கயிற்றுச் சுருளை பாக்கியம் என் கையில் திணித்தாள், அதையும் பிடித்துக்கொண்டு, தீபாவளி ராக்கெட் மாதிரி நேராகக் கூரைக்கு. மேடத்துக்குப் பக்கத்துப் பேன் கம்பியில் போய் ஒட்டிக்கொண்டேன். இரண்டு பேரும் இரண்டு கம்பியில். இரண்டு பேருக்கும் பல் தந்தியடித்தது.

"நீங்க... உயரத்துல வேலை பார்க்கறவங்களாமே," என்றார் மேடம்.

"ஆமா மேடம். கிரேன். ஆனா போன மாசத்துல இருந்து ஏறல. பயமா இருக்கு." யாரிடமும் சொல்லாததை அவரிடம் சொல்லிவிட்டேன். சொன்ன வாயோடு கேட்டும் விட்டேன். "ஒங்களுக்கு அன்னைக்கு பயமே இல்லியா மேடம்? கப்பலுக்கு வெளிய எறங்குனீயளே, சிரிச்சீயளே."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "வெளியவா? ஸ்டூல்மா அது! மூணு அடி ஸ்டூல். அதுக்கு ஒரு கால் குட்டை. எனக்குக் கட்டில்ல நின்னாலே தலை சுத்தும், ஒட்டடைகூட அடிக்க மாட்டேன். சிரிச்சேன் சிரிச்சேன்னு எல்லாரும் சொல்றீங்க. சிரிப்பா அது? விழாம இருக்கப் பல்லைக் கடிச்சிட்டு நின்னேன்!"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கூரையில் ஒட்டிக்கொண்டு சிரிப்பு. பயத்தோடுதான் நின்றாளா! பயத்தோடு நின்றுதான் ஆணி அடித்தாளா! அவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே அழுதார்.

"அதுகூடப் பரவாயில்ல. அந்த ஷாட்ல டைரக்டர் கட் சொல்லவே இல்ல தெரியுமா? கரண்ட் போச்சு. ஜெனரேட்டர் பார்த்துட்டு வரேன்னு போனாங்க, யாருமே திரும்பி வரல. தொடரே நின்னு போச்சுன்னு பத்து நாள் கழிச்சுத்தான் எனக்குத் தெரியும். அன்னைக்கு மத்தியானச் சாப்பாடும் வரல. இருட்டுல ஸ்டூல் மேல நின்னு நின்னு பார்த்துட்டு, நானா இறங்கி, மேக்கப்பைத் துடைச்சிட்டு, வெறும் வயித்தோட பஸ் ஏறிப் போனேன். அப்புறம் எவ்வளவோ நடிச்சாச்சு. ஆனா நான் இன்னும் அந்த ஸ்டூலை விட்டு இறங்கின மாதிரியே இல்லம்மா."

வெறும் வயிறு என்ற சொல்தான் என்னைப் பிடித்துக் குலுக்கியது. ஐயோ, எங்கள் புத்தி! கேப்டனுக்கு இலையைப் போட்டுவிட்டு, வந்த கேப்டனை வேறு மேஜைக்கு அனுப்பியிருக்கிறோம்.

"மேடம், கீழ பாருங்க," என்றேன்.

"கீழயா? கீழ பார்க்கக் கூடாதுன்னுதானே சொல்லுவாங்க?"

"அது சும்மா ஏறுறவங்களுக்கு. எங்க தொழில்ல கீழதான் பாக்கணும். எந்த எடத்துல எறக்கணுமோ அந்த எடத்த மட்டும் பாக்கணும். மொத வரிசையில மொத எல இருக்கு பாத்தீயளா, ஆளில்லாம? அது ஒங்களுக்குப் போட்டது. வருஷா வருஷம் போடுதோம். ஒரு வருஷங்கூட மூடல. நீங்க வெளியதான இருக்கீய, வந்து சாப்பிடுவீயன்னு."

அவர் கீழே பார்த்தார். "எனக்கா?" என்றார். குரல் சின்னப்பிள்ளைக் குரலாகிவிட்டது.

தோரணக் கயிற்றை அவர் இடுப்பில் சுற்றி முடிச்சுப் போட்டேன், மறுமுனையைக் கீழே வீசினேன். இத்தனை வருஷம் கீழே நிற்கிறவன் கையைக் காட்டுவான், மேலே இருந்து நான் கேட்பேன். அன்றைக்கு நான் மேலே இருந்து கையைக் காட்டினேன், முந்நூறு பேர் கேட்டார்கள். கீழ் வரிசை ஜன்னல் கம்பியில் ஒருவர் காலைக் கொக்கி போட்டுக்கொள்ள, அவர் இடுப்பை இன்னொருவர் பிடிக்க, போலீஸ்காரர், மேஸ்திரி, மூன்று கண் ராணி என்று சங்கிலியாகக் கோத்துக்கொண்டு கயிற்றை இழுத்தார்கள். கையை விரித்தேன், நிறுத்தினார்கள். விரலைக் கீழே காட்டி மெள்ளச் சுற்றினேன், மெள்ள இழுத்தார்கள். நான் ஒரு கையால் மேடத்தின் தோளைப் பிடித்தபடி கூடவே இறங்கினேன். என் கை எப்போது நடுங்குவதை நிறுத்தியது என்று எனக்கே தெரியாது, வேலையில் இருக்கும்போது கைக்கு அதையெல்லாம் கவனிக்க நேரமில்லை. அந்த இலையை மட்டும் பார்த்தேன். பெட்டியை லாரியில் வைக்கிற மாதிரி, ஒரு விரல் அங்கே இங்கே விலகாமல், கேப்டன் மேகலாவை இலைக்கு முன்னால் உட்காரவைத்தேன்.

உட்காரவைத்தேன் என்றால் பெஞ்சுக்கு மேல் ஒரு முழம் உயரத்தில். பாக்கியம் அவர் தோளை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். மேடம் சோற்றைப் பிசைந்தார். சொதி ஊற்றின சோறு. ஒரு கவளம் வாயில் வைத்தார், கண்ணை மூடிக்கொண்டார், விழுங்கினார். அரை முழம் இறங்கினார். மண்டபமே அரை முழம் இறங்கியது. இரண்டாவது கவளம், பெஞ்சு அவருக்குத் தட்டுப்பட்டது. "இஞ்சிப் பச்சடி தொட்டுக்கோங்க தாயி" என்றார் மாசானம் அண்ணன் மெதுவாக. முந்நூறு பேரும் அந்தரத்தில் இருந்தபடி ஒரு அம்மா சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே, அவர் விழுங்க விழுங்கக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கினோம். பிள்ளைகள் மட்டும், "மெதுவா சாப்பிடுங்க மேடம், மெதுவா!" என்று கத்தின. அவர் வெட்கமே படாமல் இரண்டாந்தரம் சோறு கேட்டார், பாயசத்தை இலையில் ஊற்றச் சொல்லி வழித்துச் சாப்பிட்டார். பிறகு, இத்தனை வருஷமாக மூடாத அந்த இலையை, உறவு வேண்டும் என்கிறவர்கள் மூடுகிற விதமாக, தன் பக்கமாக மூடினார்.

இன்னும் எல்லோர் காலுக்கும் தரைக்கும் நடுவே ஒரு விரற்கடை இடைவெளி இருந்தது. மேடம் சுற்றிலும் பார்த்து, "யாராவது சொல்லுங்கப்பா" என்றார்.

என்ன சொல்ல என்று ஒருவருக்கும் விளங்கவில்லை. நான்தான் அண்ணாச்சி காதில் சொன்னேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு, வாழ்நாளெல்லாம் அதற்காகவே காத்திருந்தவர் மாதிரி ஒரு சத்தம் போட்டார்.

"கட்!"

தொம்மென்று முந்நூறு பேரும் தரையில் நின்றோம். "ஐயோ, என் முழங்காலு" என்று ஒரு பக்கம் புலம்பல், "எல போடுங்கப்பா, பசிக்கி" என்று இன்னொரு பக்கம் கூச்சல், பந்திக்கு இடம் பிடிக்கத் தள்ளுமுள்ளு, மேல்சுவரில் யாரோ பதித்த ஒரு கால்தடத்துக்காக மேனேஜர் பிச்சைக்கண்ணுவின் சண்டை. அந்தக் கால்தடம் என்னுடையது. வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் திங்கட்கிழமை. கச்சான் நன்றாகவே வீசியது. ஏணிக்கு முன்னால் போய் நின்றேன். பயம் எங்கேயும் போய்விடவில்லை, இருந்தது. கை வேர்த்தது, சட்டையில் துடைத்துவிட்டுக் கம்பியைப் பிடித்தேன். முதல் படி. அடுத்த படி. காற்று ஏணியை ஒரு ஆட்டு ஆட்டியது. விழாமல் இருக்கப் பல்லைக் கடித்துக்கொண்டு, வாய் இந்தக் காதிலிருந்து அந்தக் காது வரை இழுத்துக்கொள்ள, அடுத்த கம்பிக்குக் கையை நீட்டினேன்.

கீழே நின்ற கோயில்பிள்ளை பக்கத்து லாரி டிரைவரிடம் சொன்னது காற்றில் எனக்குக் கேட்டது.

"பாருல, எங்க ஜெசிந்தாவ! எப்படி சிரிச்சிக்கிட்டே ஏறுதான்னு."